தினமும் பதினொன்றேகாலுக்கு டிவி போகிறது, மலை மறைக்கிறது என்கிறார் டிஷ்காரர். நம்பலாமா?

மலையடிவாரத்தான் | மார்ச் 13, இரவு 8:50

வணக்கம். வேலூர் காகிதப்பட்டறையில் மலையை ஒட்டி எங்கள் வீடு. மொட்டைமாடியில் மாதக் கட்டணம் இல்லாத டிஷ் ஒன்று நாலு வருடமாக இருக்கிறது. பெரிய மழை வந்தால் படம் போகும், விட்டால் வரும், அது பழகிப்போன விஷயம். ஆனால் மூன்று நாளாக ஒரு புதுக் கூத்து. காலை பதினொன்றேகால் வாக்கில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அப்புறம் 'சிக்னல் இல்லை' என்று வந்து நிற்கிறது, ஏழெட்டு நிமிடத்தில் யாரும் தொடாமலே சரியாகிவிடுகிறது. மழை இல்லை, மேகம் இல்லை, காற்றுகூட இல்லை. வேலூர் வெயில் மட்டும் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மா முந்தின நாள் விட்டுப்போன சீரியலைப் பார்ப்பது சரியாக அந்த நேரத்தில், அதனால் வீட்டில் என் நிலைமை கொஞ்சம் மோசம்.

டிஷ் மாட்டுகிற ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், டிஷ்ஷைப் பார்த்தார், அது பார்க்கிற பக்கம் இருக்கும் மலையைப் பார்த்தார், "மலை மறைக்குது சார், பத்தடி பைப் போட்டுத் தூக்கணும், ரெண்டாயிரம் ஆகும்" என்றார். நாலு வருடமாக மறைக்காத மலை இந்த வாரம் எழுந்து நின்றதா என்று கேட்டால், "சாட்டிலைட் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிடும் சார்" என்கிறார். பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி டிஷ், எங்களுடையதைவிட இன்னும் கிழக்கே திரும்பி இருக்கிறது, அவர்களுக்குப் பதினொன்றேகாலுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதையும் காட்டி, மலை உங்களைத்தான் மறைக்கிறது, அவர்களை இல்லை என்கிறார்.

சாட்டிலைட் நிஜமாகவே இறங்குமா? அது பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றுதானே பள்ளியில் படித்தோம், சுற்றிக்கொண்டே இருப்பதை ஆடாமல் அசையாமல் நிற்கிற டிஷ் எப்படி நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது? அலாரம் வைத்த மாதிரி அந்த நேரத்துக்கு என்னதான் நடக்கிறது? ரெண்டாயிரம் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்தால் நல்லது.


மக்கன்பேடா | மார்ச் 13, இரவு 9:14

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மூரைக் கேலி பேசுவார்கள், படமில்லாத டிஷ்ஷையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுவோம். ஆனால் மலை மறைக்கும் என்பதில் தப்பில்லையே? எங்கள் பெரியம்மா வீட்டுக்கும் செல்போன் டவருக்கும் நடுவில் மலை, போனில் ஒரு கோடு வந்தாலே அதிசயம். பைப்பைப் போட்டுவிடுங்கள், அம்மாவோடு சண்டை போடுவதைவிட ரெண்டாயிரம் மலிவு.


ரேகை79 | மார்ச் 13, இரவு 10:02

பைசா கொடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எந்த சாட்டிலைட் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கட்டணம் இல்லாதது, வேலூர், மார்ச் 11 முதல், காலை 11:15 என்றால் அது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிற ஜிசாட்-15 ஆகத்தான் இருக்க வேண்டும். படம் போகிற நேரத்தை வைத்தே சாட்டிலைட்டின் பெயரைச் சொல்ல முடிகிறது பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. இந்த நாட்களில், அந்த நேரத்தில், நம்மூரிலிருந்து பார்த்தால் அந்த சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது.

சாட்டிலைட் ஒரு டிரான்ஸ்பாண்டரில் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற கருவி) அனுப்பும் சக்தி நூறு இருநூறு வாட் கணக்குதான், வீட்டில் ரெண்டு மூணு சீலிங் ஃபேன் ஓடுகிற அளவு. அது சுமார் 36,000 கி.மீ. கடந்து, நாடு முழுக்கப் பரவி, அதில் உங்கள் டிஷ்ஷின் அகலத்துக்கு எவ்வளவு விழுமோ அவ்வளவுதான் உங்களுக்கு. சூரியனோ வெளிச்சம் மட்டும் தருவதில்லை, எல்லா அலைவரிசையிலும் ரேடியோ இரைச்சலையும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மற்ற நேரத்தில் டிஷ் வேறு பக்கம் பார்ப்பதால் அந்த இரைச்சல் அதன் காதில் விழுவதில்லை. இந்த ஏழெட்டு நிமிடம் மட்டும் இரண்டும் ஒரே திசை. தேர்த்திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்று போன் பேசிப் பாருங்கள், எதிர்முனையில் இருப்பவர் எப்போதும்போலத்தான் பேசுவார், உங்களுக்குத்தான் கேட்காது.

ஏன் மார்ச்சில் மட்டும் என்றால், இந்த சாட்டிலைட்டுகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரிசையாக நிற்பவை. சூரியன் மார்ச் 20 வாக்கில் அந்த ரேகையைக் கடந்து வடக்கே வருகிறது. நாம் ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கே இருப்பதால் நமக்கு அந்த வரிசை இரண்டேகால் டிகிரி தெற்கே தள்ளித் தெரியும், அதனால் சூரியன் ஐந்தாறு நாள் முன்னாடியே, அதாவது 14, 15 தேதிகளில், சரியாகப் பின்னால் வந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் மூன்று நாள் வால் இருக்கும். 18க்கு மேல் தானாக நின்றுவிடும். மறுபடி செப்டம்பர் 28ஐ ஒட்டி இதே கூத்து, ஆனால் அப்போது 11:15க்குப் பதில் 10:57 வாக்கில் வரும்.

பக்கத்து வீட்டு டிஷ் இன்னும் கிழக்கே என்றால் அநேகமாக 108.2 டிகிரி. அவர்களுக்குச் சூரியன் பின்னால் வருவது காலை பத்து மணி தாண்டிச் சில நிமிடத்தில், அந்த நேரத்தில் அங்கே யாரும் டிவி பார்ப்பதில்லையோ என்னவோ. 83 டிகிரி சாட்டிலைட் வைத்திருப்பவர்களுக்கு மதியம் 12:05. நாளைக்குத் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

மலை விஷயம். வேலூரிலிருந்து ஜிசாட்-15 தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்று வையுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக அடுக்கி மலை உச்சி எத்தனை முஷ்டி என்று பாருங்கள், இரண்டு, மிஞ்சினால் மூன்று வரும். சாட்டிலைட் கிட்டத்தட்ட ஏழாவது முஷ்டியில் இருக்கிறது. மக்கன்பேடா, உங்கள் பெரியம்மா கதை வேறு. செல்போன் டவர் தரையில் நிற்கிறது, சிக்னல் படுக்கைவாட்டில் வருகிறது, அதை மலை மறைக்கத்தான் செய்யும். இது மேலிருந்து வருவது.

இன்னும் சந்தேகம் இருந்தால் நாளைக்கு 11:15க்கு மாடிக்குப் போய் டிஷ்மேல் வெயில் முழுசாக விழுகிறதா, ஏதாவது நிழல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சூரியனைப் பார்க்காதீர்கள். அந்த நிமிடத்தில் சூரியனும் சாட்டிலைட்டும் ஒரே கோட்டில் இருப்பதால், வெயில் படுகிறது என்றால் சாட்டிலைட்டும் தெரிகிறது என்று அர்த்தம். மலையோ மரமோ தண்ணீர்த்தொட்டியோ நடுவில் இருந்தால் நிழல் விழுந்தே ஆக வேண்டும். வருடத்தில் ரெண்டே தடவை கிடைக்கிற இலவசச் சோதனை இது, டிஷ்காரர்களுக்கே பாதிப்பேருக்குத் தெரியாது.


ஓய்வுபெற்றவாத்தியார் | மார்ச் 14, காலை 6:20

மலையடிவாரத்தான் தம்பி, சூரியன் கதையை மேலே அழகாகச் சொல்லிவிட்டார்கள். சுற்றுகிற பொருளை நிற்கிற டிஷ் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே. ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் எடுத்தேன், வருடத்துக்கு ஒரு பையனாவது "சார், அதை எது பிடிச்சிக்கிட்டு இருக்கு?" என்று கேட்பான். எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே விழுவதால், அது எவ்வளவு கீழே வருகிறதோ அவ்வளவுக்குப் பூமியும் அடியில் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. தரை வந்து சேருவதே இல்லை.

கிட்டே இருப்பது வேகமாகச் சுற்றும், எட்டே இருப்பது மெதுவாகச் சுற்றும். விண்வெளி நிலையம் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று. நிலா சுமார் 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஒரு சுற்றுக்கு 27 நாளும் கொஞ்சமும். பஞ்சாங்கத்தில் 27 நட்சத்திரம் இருப்பதே அந்தக் கணக்கில்தான், நிலா நாளுக்கு ஒரு நட்சத்திரமாகத் தாண்டுகிறது. சரி, ஒன்றரை மணிக்கும் 27 நாளுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு தூரத்தில் 'ஒரு நாளுக்கு ஒரு சுற்று' என்பது வந்தே தீர வேண்டும் அல்லவா? அது எங்கே என்பதை ஒரு துண்டுச்சீட்டில் போட்டுவிடலாம். கெப்ளர் விதிப்படி சுற்றும் காலத்தின் வர்க்கமும் தூரத்தின் கனமும் ஒரே விகிதத்தில் மாறும். காலம் 27இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். 27க்குக் கனமூலம் 3, அதன் வர்க்கம் 9. ஆகவே தூரம் 9இல் ஒரு பங்கு. 3,84,000ஐ 9ஆல் வகுத்தால் 42,600 சொச்சம். இது பூமியின் மையத்திலிருந்து கணக்கு, பூமியின் ஆரம் 6,378 கி.மீ. கழித்தால் 36,300. புத்தகத்தில் போட்டிருப்பது 35,786. பஞ்சாங்கத்தை வைத்துப் போட்ட கணக்குக்கு இது போதாதா? என் மாணவர்கள் பலர் எல்லாவற்றையும் மறந்திருப்பார்கள், இதை மறந்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அந்தத் தூரத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றுகிற சாட்டிலைட்டும் அதே திசையில் சுழல்கிற பூமியும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் குடைராட்டினம் பார்த்திருப்பீர்கள், உள்வரிசைக் குதிரையில் தங்கச்சியும் வெளிவரிசைக் குதிரையில் அண்ணனும் உட்கார்ந்தால் ஒருவருக்கு மற்றவர் அசையாமல் பக்கத்திலேயே இருப்பது போலத் தெரியும், கீழே நிற்கிற அப்பாதான் சுற்றுவது போலத் தெரிவார். டிஷ் உள்வரிசைக் குதிரை, சாட்டிலைட் வெளிவரிசைக் குதிரை. என்ன, ராட்டினத்தில் இரண்டையும் இரும்புக்கம்பி சேர்த்துப் பிடித்திருக்கிறது. வானத்தில் கம்பி கிடையாது, அதனால்தான் அந்த ஒரே தூரத்தில் மட்டும் இது நடக்கிறது. ஒரு நாள் என்பதும் சரியாக 24 மணி இல்லை, 23 மணி 56 நிமிடம். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுழற்சி முடிக்கும் நேரம் அது.

தூரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பூமத்திய ரேகைக்கு மேலேயே சுற்ற வேண்டும். பாதை சாய்ந்திருந்தால் நம் பார்வைக்குத் தினமும் ஒரு முறை வடக்கே ஏறித் தெற்கே இறங்கி எட்டு போட்டுக்கொண்டிருக்கும், நம் டிஷ்ஷுக்கு அது ஆகாது. ஆகையால் உலகத்துக்கே இப்படிப்பட்ட வளையம் ஒன்றே ஒன்று, எல்லா நாடும் அதில்தான் இடம் பிடிக்க வேண்டும். நாம் ரேகைக்கு வடக்கே இருக்கிறோம், ஆகவே வேலூரில் எந்த டிஷ்ஷும் வானத்தின் தென்பாதியில்தான் பார்க்கும். வடக்கே பார்த்துப் படம் வருகிற டிஷ் ஒன்றை யாராவது காட்டினால் என் பென்ஷனில் பாதி தருகிறேன்.

ஒரு பழைய நினைவு, வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள். நம் நாட்டின் முதல் இவ்வகை சாட்டிலைட் ஆப்பிள், 1981 ஜூன் 19இல் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது. அதன் ஆன்டெனாவைச் சோதிக்க உலோகம் குறுக்கிடாத வண்டி வேண்டும் என்று மாட்டுவண்டியில் ஏற்றினார்கள், அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பலர் அதை ஏழ்மை என்று நினைத்துச் சிரிப்பார்கள், அது ஏழ்மை இல்லை, மரவண்டிதான் அன்றைக்குச் சரியான கருவி. கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்ததும் அதே 1981தான், அதனால் அந்த வருடம் எனக்கு மறப்பதில்லை.


குடியாத்தம்_டிஷ்தம்பி | மார்ச் 14, மதியம் 2:35

அண்ணா, ஆறு வருஷம் டிஷ் மாட்டின ஆள் நான், இப்போ வேற தொழில். உங்க வீட்டுக்கு வந்தவர் ஏன் மலையைக் காட்டினார் என்று சொல்கிறேன். டிஷ் முகம் மலையைப் பார்க்கிற மாதிரிதான் தெரியும். சின்ன டிஷ் எல்லாமே ஆஃப்செட் வகை, எல்.என்.பி., அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற பகுதி, நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும், அதனால் அது பார்க்கிற இடம் அதன் முகம் காட்டுகிற இடத்தைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே. முகத்தைப் பார்த்தால் தென்னை மட்டையைப் பார்க்கிறது, நிஜத்தில் தென்னைக்கு மேலே ஆகாயத்தைப் பார்க்கிறது. புதுசாக வேலைக்கு வருகிற பசங்களுக்கு இது புரியவே ஒரு மாசம் ஆகும்.

பத்தடி பைப் வேண்டவே வேண்டாம். 36,000 கி.மீ.க்கு முன்னாடி பத்தடி என்ன கணக்கு? கைப்பிடிச் சுவர் மறைத்தால் தூக்கலாம், இல்லாவிட்டால் உயரம் ஏற ஏறக் காற்றில் ஆடி இன்னும் கெட்டுப்போகும்.

ஆனால் ஒரு விஷயம். சூரியன் பின்னால் வந்தால் எல்லா வீட்டிலும் படம் சுத்தமாகப் போகாது. நன்றாக வைத்த டிஷ்ஷில் குவாலிட்டி இறங்கும், படம் கொஞ்சம் திக்கும், சமாளித்துக்கொள்ளும். ஏழெட்டு நிமிஷம் முழுசாகப் போகிறது என்றால் உங்க டிஷ் ஏற்கனவே ஒன்றிரண்டு டிகிரி தள்ளி இருக்கிறது, கைவசம் மிச்சமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மெனுவில் சிக்னல் பக்கத்துக்குப் போனால் ரெண்டு நம்பர் இருக்கும். ஸ்ட்ரெங்த் எண்பது தொண்ணூறு காட்டும், அதை நம்பாதீங்க, இரைச்சலையும் சேர்த்துக் காட்டும். குவாலிட்டி எவ்வளவு என்று பாருங்க. ஐம்பதுக்குக் கீழே என்றால் கம்பத்தில் இருக்கிற கிளாம்ப் போல்ட் லூஸா, கேபிள் முனை துரு பிடித்திருக்கா என்று பார்க்கணும். மலையடிவாரம் என்றீங்க, குரங்கு வருமா?

மழைக்குப் போவதும் இந்த மிச்சக் கணக்கில்தான். நம்ம வீட்டு டிஷ் கூ-பேண்ட் என்கிற அலைவரிசை, அலையின் நீளமே ரெண்டரை சென்டிமீட்டர்தான், மழைத்துளி அதை உறிஞ்சும், சிதறடிக்கும். கேபிள் ஆபரேட்டர் ஆபீஸ் மாடியில் இருக்கிற பெரிய குடை சி-பேண்ட், அலை மூணு மடங்கு நீளம், மழையை அவ்வளவாகச் சட்டை பண்ணாது. குவாலிட்டி நல்லா இருந்தா சாதாரண மழையில் படம் நிற்கும், நாற்பதில் இருந்தா தூறலுக்கே போகும். அப்புறம், மழை இன்னும் நம்ம தெருவுக்கு வராமலே டிவி போகும், பார்த்திருக்கீங்களா? டிஷ் பார்க்கிற தென்கிழக்கில் ரெண்டு கிலோமீட்டருக்குள் மழை இறங்கிவிட்டது என்று அர்த்தம். எங்க அம்மா டிவி உடைய ஆரம்பித்தாலே ஓடிப்போய்க் கொடியில் இருக்கிற துணியை எடுப்பாங்க.


வாணியம்பாடி_அக்கா | மார்ச் 14, இரவு 9:40

கேள்வி கேட்டவருக்கு உதவி செய்யாமல் நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். போன மாதம் ஏலகிரியில் இருந்தபோது இருட்டின கொஞ்ச நேரத்தில் வானத்தில் சின்னச் சின்ன விளக்காக ஒரு வரிசை போனது, ரயில் ஜன்னல் மாதிரி, சத்தமே இல்லை. பசங்க இன்டர்நெட் சாட்டிலைட் என்றார்கள். வாத்தியார் ஐயா சொல்வதுபோல சாட்டிலைட் அசையாமல் நிற்கும் என்றால் அது ஏன் ஓடுகிறது? இன்னொன்று, கிரிக்கெட் பார்க்கும்போது பின் வீட்டில் 'அவுட்' என்று கத்திய பிறகுதான் எங்கள் டிவியில் பந்தே போடுகிறார்கள். அதுவும் இந்த 36,000 கி.மீ. செய்கிற வேலையா?


ரேகை79 | மார்ச் 14, இரவு 11:18

நீங்கள் பார்த்தது அநேகமாக ஸ்டார்லிங்க். அவை 550 கி.மீ. உயரத்தில் ஓடுபவை, சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரே ராக்கெட்டில் கூட்டமாக ஏற்றி விடுவதால் முதல் சில நாள் வரிசையாகத் தெரியும், பிறகு பிரிந்துவிடும். நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது, அதுதான் மின்னுகிறது. காவலூர் மாதிரி தொலைநோக்கி வைத்திருக்கிற இடங்களில் இருப்பவர்களைக் கேட்டால் அந்த அழகைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள், எடுக்கிற படத்தில் குறுக்கே கோடு விழும். இவை ஒரே இடத்தில் நிற்காது, ஒன்று தலைக்கு மேல் சில நிமிடம்தான், அதற்குள் அடுத்தது வந்து வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகிறது, தரையில் இருக்கும் தட்டை ஆன்டெனாவும் மின்னணு முறையில் திசையை மாற்றி மாற்றிப் பின்தொடர வேண்டும். ஜிசாட் வகைக்கு ஒன்றே போதும், இரும்புக்கம்பத்தில் போல்ட் போட்ட டிஷ் போதும். இரண்டில் எது பெரிய சாமர்த்தியம் என்று கேட்டால் நான் கம்பத்துப் பக்கம்.

கிரிக்கெட்டில் சாட்டிலைட்டின் பங்கு கொஞ்சம்தான். மேலே போய்க் கீழே வர 72,000 கி.மீ., ஒளியின் வேகத்தில் கால் நொடி. செய்தி வாசிப்பவர் கேள்வி கேட்டதும் நேரலை நிருபர் சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்பாரே, அங்கே போக கால், வர கால் என்று அரை நொடி இதனால் போகிறது. மற்றபடி உங்கள் வீட்டுத் தாமதம் படத்தைச் சுருக்கி விரிக்கிற வேலையில் சேருவது, அது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி.

அப்புறம் டிஷ்காரர் சொன்ன 'இறங்கிடும்'. அவரை முழுசாகத் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் சாட்டிலைட் நகரத்தான் பார்க்கிறது, கீழே மட்டும் இல்லை. சூரியனும் நிலாவும் இழுப்பதால் பாதை வருடத்துக்கு முக்கால் டிகிரி, ஒரு டிகிரி சாயப் பார்க்கும், வாத்தியார் சொன்ன எட்டு போடுதல் அப்படித்தான் ஆரம்பிக்கும். இன்னொரு பக்கம், பூமத்திய ரேகை சரியான வட்டம் இல்லை, லேசாக அமுங்கிய வட்டம். அதனால் அந்த வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பள்ளம் இருக்கிறது, கவனிப்பாரில்லாத சாட்டிலைட் அவற்றை நோக்கிச் சறுக்கும், அங்கே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பள்ளம் எங்கே தெரியுமா? 75 டிகிரி கிழக்கு. நமக்கு நேர் மேற்கே, மங்களூரை ஒட்டிப் போகிற தீர்க்கரேகை. செத்துப்போன சாட்டிலைட் பல நம் பக்கத்து மாநிலத்துக்கு நேர் தெற்கேதான் ஊசலாடிக்கொண்டிருக்கின்றன.

உயிரோடு இருப்பவற்றைச் சறுக்க விடாமல் அவ்வப்போது சின்னதாகத் தட்டிவிடுவது கர்நாடகாவின் ஹாசனிலும் போபாலிலும் இருக்கிற கட்டுப்பாட்டு நிலையங்களின் வேலை. எரிபொருள் முக்கால்வாசி வடக்கு தெற்கு ஆட்டத்தைத் தடுக்கவே போகும், அது தீர்ந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் சாட்டிலைட்டுக்கு ஓய்வு. ஜிசாட்-15 போனது 2015 நவம்பரில், 12 வருடக் கணக்குப் போட்டு அனுப்பினார்கள். கடைசிச் சொட்டு எரிபொருளில் அதைக் கீழே இறக்க மாட்டார்கள், இன்னும் முந்நூறு கி.மீ. மேலே ஏற்றி வழிவிட்டு நிறுத்துவார்கள். காற்றே இல்லாத உயரம் அது, தானாக விழ வழியில்லை. ஆக உங்கள் டிஷ்காரருக்கு நேர்மாறு, வயதானால் ஏறும்.


மலையடிவாரத்தான் | மார்ச் 20, மாலை 6:05

தகவல் சொல்ல வந்தேன். 14ஆம் தேதி 11:10க்கே மாடிக்குப் போய்விட்டேன். டிஷ்மேல் பளீர் என்று வெயில், ஒரு துளி நிழல் இல்லை, கீழே அம்மா "போச்சு" என்று கத்தினார், மணி 11:12. மறுபடி "வந்துடுச்சு" என்றபோது 11:19. மலையை முஷ்டியால் அளந்தேன், இரண்டும் ஒரு கட்டைவிரலும். தெருமுனை டீக்கடையில் 83 டிகிரி டிஷ், அங்கே மதியம் பன்னிரண்டு தாண்டி ஒரு நிமிடம் படம் திக்கியது, கடைக்காரர் கவனித்ததே இல்லையாம்.

குவாலிட்டி 41. டிஷ்தம்பி சொன்னது சரி, கிளாம்ப்பில் ஒரு போல்ட் கையால் திருகினாலே சுற்றுகிறது. குரங்கு வருமா என்று கேட்டீர்களே, தினமும் மாலையில் ஒரு பெரிய ஆண் குரங்கு அதன்மேல்தான் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும், எங்களுக்கு அது தோன்றவே இல்லை. 15ஆம் தேதி நான் மேலே நின்று மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, அம்மா கீழே டிவி முன்னால் உட்கார்ந்து "ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு, ஐயோ போச்சு, பழையபடி திருப்பு" என்று நம்பர் சொல்ல, 66இல் நிறுத்தி இறுக்கினேன். அந்தக் காலத்தில் தாத்தா மூங்கில் கழியில் ஆன்டெனாவைத் திருப்பியதும் இப்படித்தான் என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. 16ஆம் தேதி இரண்டு நிமிடம் கட்டம் கட்டமாக வந்தது, முழுசாகப் போகவில்லை. 18இலிருந்து ஒன்றுமே இல்லை. டிஷ்காரர் நேற்று போன் செய்து பைப் வாங்கட்டுமா என்று கேட்டார், சாட்டிலைட் மறுபடி ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அம்மா தினசரி காலண்டரில் செப்டம்பர் 28 தாளைத் தேடிப்பிடித்து 'காலை 10:57, டிவி' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். வாத்தியார் ஐயாவின் 27 நட்சத்திரக் கணக்கையும் சொன்னேன், அதைக் கேட்ட பிறகுதான் இது ஏதோ நம்பக்கூடிய விஷயம் என்று ஒத்துக்கொண்டார்.

குரங்குக்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.


குடியாத்தம்_டிஷ்தம்பி | மார்ச் 20, இரவு 7:30

கம்பத்தில் கிரீஸ் தடவுங்க அண்ணா. டிஷ்ஷில் தடவிடாதீங்க.